மழைக்கோட்டுப் பையில் இருந்த முத்திரை

போன மாதம் எங்கள் பழைய ஸ்டேஷன் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பயிற்சிக் காவலர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, முன்னால் டேவிட் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தோளில் சால்வை. படத்தின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: போதை வழக்குகளில் வழக்குச் சொத்தைப் பாதுகாப்பது எப்படி, ஓய்வுபெற்ற டேவிட் சாரின் அருமையான வகுப்பு. அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள், எண்ணி மாளாது.

நான் அன்றைக்குக் காலை இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். பதினெட்டு வருஷம், வழக்குகளில் பிடித்த பொருட்களை வைக்கும் சொத்து அறையின் சாவியை இடுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டு அலைந்தவன் நான். டேவிட் போவான், கஞ்சாவைப் பிடிப்பான், பத்திரிகைக்காரர்கள் வந்தால் மூட்டைக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான், வீட்டுக்குப் போய்விடுவான். அதற்கப்புறம் தீர்ப்பு வருகிற வரைக்கும் அந்த மூட்டையை எலி, கரையான், மழை, வக்கீல் ஆகிய நால்வரிடமிருந்தும் காப்பாற்றுவது யார்? இந்தக் குழந்தைவேலு. வகுப்பு எடுக்க மட்டும் அவன்.

இப்போது அந்த ஸ்டேஷனில் இருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். படம் வந்த மறுநாள் எனக்குப் போன் செய்தார். "சார், இப்ப நாங்க பிடிக்கிறதுல இருந்து சீல் வைக்கிற வரைக்கும் எல்லாத்தையும் செல்போன்லயே வீடியோ எடுத்து ஏத்திர்றோம். உங்க காலத்துல எப்படின்னு டேவிட் சார் சொன்னாரு. உங்களப் பத்தியும் ரொம்பப் பெருமையாச் சொன்னாரு. நீங்களும் உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன்" என்றார்.

என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னானாம். அதைக் கேட்டதும் எரிச்சல் இரட்டிப்பாகிவிட்டது. சரி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டேவிட்டும் நானும் ஒரே செட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பயிற்சிப் பள்ளியில் ஓட்டத்தில் அவன் முதல், நான் நாலாவது. துப்பாக்கி சுடுவதிலும் அவன் முதல். நான் எத்தனையாவது என்பது இங்கே தேவையில்லை. அவன் நாயுடுபுரத்துக்காரன், மிஷன் பள்ளியில் படித்தவன், இங்கிலீஷ் பேசுவான். நான் பூம்பாறை. எங்கள் அப்பா நாலு படிக்கட்டு நிலத்தில் வெள்ளைப்பூண்டு போட்டார். என் இங்கிலீஷ், பஸ் போர்டைப் படிக்கிற அளவுக்கு இருந்தது. பத்துப் பதினைந்து வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, இரண்டு பேரும் ஏட்டாக மலைமேல் ஒரே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். என்னை ரிஜிஸ்தர்களையும் சொத்து அறையையும் பார்த்துக்கொள்ளும் ரைட்டராக உட்கார வைத்தார்கள். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

கொடைக்கானலுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் சோதனை போட வேண்டுமென்றால் டேவிட்தான் போக வேண்டும். "உங்களை மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை போடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்பதை அவன் இங்கிலீஷில் சொல்லும்போது ஏதோ விருந்துக்கு அழைப்பதுபோல இருக்கும். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரி, தன்னைக் கைது செய்ததற்கு அவனுக்குக் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். என் சர்வீசில் எவனும் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு லாக்கப்புக்குள் போனதில்லை.

அப்போது எங்களுக்கு இன்ஸ்பெக்டராக வந்தவர் ஒரு அம்மா. ராமநாதபுரம் பக்கத்து ஊர்க்காரர். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் யூனிபார்முக்கு மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. எழுத்தில் தப்பு கண்டுபிடித்தால் ரிஜிஸ்தரை நம் பக்கமாகத் திருப்பி வைப்பார். தன் பேனாவின் மூடியைக் கழற்றி நம்மிடம் நீட்டுவார். நாமாகத் தேடித் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துகிற வரைக்கும் அப்படியே நீட்டிக்கொண்டு இருப்பார். அந்தப் பேனா நீண்டுவிட்டால் நான் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கிவிடுவேன்.

போதை வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு கேள்வியில்தான் என்பார் அவர். பிடித்த இடத்திலிருந்து கோர்ட் மேஜை வரைக்கும் அந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? இடையில் ஒரு கை தெரியாமல் போனால் வழக்கு அங்கேயே முடிந்தது. அதனால் பொருள் கைமாறும்போதெல்லாம் எங்களைச் சத்தமாகச் சொல்ல வைப்பார்.

"யார் கையில இருந்து யார் கைக்கு?"

"டேவிட் கையில இருந்து என் கைக்கும்மா."

"என்னது?"

"கஞ்சா மூட்டை ஒண்ணு. அரக்கு முத்திரை நாலு. உடையாம இருக்கு. வாங்கிக்கிட்டேன்."

"மணி?"

மணியைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் அறையைவிட்டு நகர முடியும். வந்த புதிதில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் என் மனைவி காபியை நீட்டினால்கூட வாங்கிக்கிட்டேன் என்று வாய் தானாகச் சொல்லும்.

அந்தக் கால நடைமுறையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிடித்த இடத்திலேயே எடை போட வேண்டும். அதிலிருந்து ஐம்பது ஐம்பது கிராமாக இரண்டு மாதிரிப் பொட்டலம் எடுத்து, ஒன்று ஆய்வகத்துக்கு, இன்னொன்று கோர்ட்டுக்கு. மிச்சத்தை மூட்டையாகக் கட்டி, துணி சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறுமுன் ஸ்டேஷனின் பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் பிடித்த விவரத்தைச் சொல்லும் மகஜர் தயார். மலையில் அரக்கு படுத்தும் பாடு தனி. குளிரில் ஊற்றின மாத்திரத்தில் இறுகிவிடும். கொஞ்சம் தாமதித்தால் முத்திரை பதியாது, அழுத்தினால் வெடித்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த முத்திரை. காலையில் அதை எடுத்துப் போகிறவர் முத்திரை ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்து வந்தவுடன் என்னிடம் திருப்பித் தந்து, பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்து. மூட்டை ஒருவர் கையில் என்றால் முத்திரை வேறொருவர் கையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால், வழியில் அவன் மூட்டையைப் பிரித்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, புதிதாக அரக்கு ஊற்றி அதே முத்திரையைக் குத்திவிடலாம் அல்லவா? செய்தானோ இல்லையோ, செய்திருக்க முடியும் என்று வக்கீல் சொன்னால் போதும்.

அம்மா வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு போதைக் காளான் வழக்கு வந்தது. டேவிட்தான் பிடித்துக்கொண்டு வந்தான். பொட்டலம் போடும்போது, "வேலு, பிளாஸ்டிக் வேணாம் மாப்ள. பேப்பர் கவர்ல போடு. பச்சையா இருக்கு, காத்து போகணும்" என்றான்.

எனக்குச் சொல்லித்தர இவன் யார்? நான் தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றுப் போகாமல் ஒட்டி, அழகாக அரக்கு வைத்து அனுப்பினேன். மதுரை ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: மாதிரி அழுகி நீராகிவிட்டது, ஆய்வுக்கு ஏற்ற நிலையில் இல்லை. அம்மா அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை நீட்டவில்லை, திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "டேவிட் சொன்னாராமே" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வாக்கியம் பல வருஷம் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், என் சொத்து அறையில் இனி எந்தப் பொருளும் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று.

இனி ஒரு கஞ்சா மூட்டையின் கதைக்கு வருகிறேன்.

ஐப்பசி அடைமழை. பூம்பாறைப் பக்கமிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வேனை அம்மாவும் டேவிட்டும் மடக்கினார்கள். பூண்டு மூட்டைகளுக்கு அடியில் ஒரு சாக்கில் கஞ்சா. அறுத்து அதிகநாள் ஆகாத சரக்கு. மேலே கட்டிய தார்ப்பாய் கிழிந்து மழை முழுக்க அதன்மேல் இறங்கியிருந்தது. அங்கேயே பக்கத்தில் இருந்த ஒரு பூண்டு வியாபாரியின் தராசில் நிறுத்தார்கள். இருபத்தொரு கிலோ நானூறு கிராம். இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்து வருஷம் சிறை. வேன் டிரைவர் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தானாம். ஜீப் ஸ்டேஷனுக்குள் வரும்போதே டேவிட் முகத்தில் பத்து பல்பு எரிந்தது.

"வெரசா வாங்கி வையி மாப்ள. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம். அம்மா எங்கள அங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க" என்றான். மூட்டையையும் மாதிரிப் பொட்டலங்களையும் தந்தான். வாங்கிக்கிட்டேன் என்று மணியோடு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அப்படியே ஓடிவிட்டான். அம்மா மண்சரிவு நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் ரிஜிஸ்தர்களை மூடும்போது பார்த்தேன். முத்திரை ரிஜிஸ்தரில் காலையில் டேவிட் எடுத்துப் போனதற்குக் கையெழுத்து இருக்கிறது. திருப்பித் தந்ததற்கான கட்டம் காலி. டேவிட் ஒரு வாய் டீ குடிக்க ஸ்டேஷனுக்கு வந்து, சொட்டச் சொட்ட நனைந்த மழைக்கோட்டை என் அறைக்கு வெளியே ஆணியில் மாட்டியிருந்தான். நான் போய் அந்தக் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்தேன். பித்தளை கனமாகக் கையில் தட்டுப்பட்டது.

டேவிட் பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஏலே, முத்திரையக் குடுத்துட்டுப் போ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் போடவில்லை. காளான் நாளிலிருந்து எனக்குள் உட்கார்ந்திருந்த ஒன்று, இரு, கட்டம் காலியாகவே இருக்கட்டும், அம்மா வந்து பார்க்கட்டும் என்றது. அம்மா ரிஜிஸ்தரை டேவிட் பக்கம் திருப்பி வைத்து அவனிடம் பேனாவை நீட்டுகிற காட்சியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. வழக்கு கெட வேண்டும் என்றோ, அவன் வேலை போக வேண்டும் என்றோ நான் நினைக்கவில்லை. ஆனால் ஆசைப்பட்டேன் என்பது உண்மை, கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன் என்பதும் உண்மை.

மண்சரிவில் மலைப்பாதை அடைபட்டுப் பதினோரு நாள் மூட்டை கீழே போக முடியவில்லை. அம்மாவும் டேவிட்டும் பாதி நாள் ரோட்டிலேயே கிடந்தார்கள். யாரும் ரிஜிஸ்தரைப் பார்க்கவில்லை. அந்த மூட்டை மட்டும் என் அறையில் நீர் கசிந்துகொண்டு இருந்தது. இரண்டாம் நாளே துணியின் மேல் வெள்ளையாக ஏதோ படரத் தொடங்கியது. எனக்குக் காளான் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் பூண்டு அறுத்தால் அடுப்புக்கு மேலே உள்ள பரணில் போடுவோம். கீழே விறகு எரியும், மேலே புகையும் சூடும் ஏறி ஈரம் போகும். ஒரு பல் கெடாது. எங்கள் சொத்து அறை வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உள்ளே குளிருக்குத் தீ மூட்டும் கணப்பு ஒன்று இருந்தது, அதற்கு மேலே பலகைப் பரணும் இருந்தது. மூட்டையை அந்தப் பரணில் தூக்கி வைத்தேன். முத்திரை உருகிவிடாத உயரம்தானா என்று கையை வைத்துச் சூடு பார்த்தேன். ஒன்பது நாள், காலையிலும் மாலையிலும், தைல மர விறகு வாங்கிக் கணப்புப் போட்டேன். மூட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தேன். ரிஜிஸ்தரில் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பூண்டைக் காயப்போடுவதை யாராவது எழுதி வைப்பார்களா? பதினோராம் நாள் மூட்டை மொறுமொறு என்று இருந்தது. நாலு முத்திரையும் அச்சுக் குலையாமல் இருந்தன. என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

பாதை திறந்ததும் டேவிட் மூட்டையைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போக வெள்ளனே வந்தான். அதே மழைக்கோட்டைப் போட்டிருந்தான். நான் கோர்ட்டுக்குச் சொத்து அனுப்பும் படிவம் தொண்ணூற்றைந்தை நீட்டினேன், மூட்டையை நீட்டினேன்.

"குழந்தைவேலு கையில இருந்து என் கைக்கு. மூட்டை ஒண்ணு, முத்திரை நாலு, உடையாம இருக்கு. வாங்கிக்கிட்டேன்" என்றான் டேவிட்.

அப்போதும் நான் கேட்கவில்லை.

வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றதில் ஜீப் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டதாம். கோர்ட்டில் சொத்து வாங்கும் குமாஸ்தா, முத்திரை மகஜரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டிருக்கிறார். டேவிட் என்ன செய்தான் தெரியுமா? மழைக்கோட்டுப் பையில் கையை விட்டு, "இந்த முத்திரைதாங்க, நல்லாப் பாருங்க" என்று பித்தளையை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறான். கள்ள மனசு இருக்கிறவன் அப்படிச் செய்வானா? ஆனால் அடுத்து எடை போட்டார்கள். பதினெட்டு கிலோ அறுநூற்றைம்பது.

மாதிரிக்கு எடுத்ததைக் கழித்தாலும் இரண்டரை கிலோவுக்கு மேல் காணோம். மூட்டையும் முத்திரையும் ஒரே ஆளிடம் இருக்கிறது. வழியில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறான். மூன்றாம் நாள் டேவிட்டை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். திருட்டு நிரூபணமானால் வேலையும் போகும், அவனே அதே சட்டத்தில் உள்ளேயும் போவான்.

அம்மா என்னைக் கூப்பிட்டார். முத்திரை ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ரைட்டர், இந்தக் கட்டம் காலியா இருக்கு. நீங்க பாக்கலையா?"

"பாக்கலம்மா" என்றேன்.

அவர் பேனாவை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து முத்திரை அவருடைய மேஜை டிராயருக்குப் போய்விட்டது.

விசாரணை அதிகாரி வந்து என்னைக் கேட்டார், மூட்டை பதினோரு நாளும் எங்கே இருந்தது என்று. சொத்து அறையில், பூட்டுக்குள் என்றேன். பொய் இல்லை. பரணையும் கணப்பையும் மட்டும் சொல்லவில்லை. எடை ஏன் குறைந்தது என்று எனக்குச் செய்தி வந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பூண்டுக்காரன் மகனுக்குக் காய்ந்தால் கனம் குறையும் என்று தெரியாதா? ஆனால் உத்தரவு இல்லாமல் வழக்குச் சொத்தைக் கணப்பில் காய வைத்தேன் என்று சொன்னால் என் கழுத்துக்குக் கத்தி வரும். இன்னொன்றும் இருந்தது. ஜீப்பில் டேவிட் இல்லாத ஸ்டேஷன் எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டு மாதம். நாயுடுபுரத்தில் அவன் மனைவி ஸ்டெல்லாவைக் கடைத்தெருவில் பார்த்தால் நான் அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவேன். ஒரு நாள் திரும்ப இடமில்லாமல் எதிரே மாட்டிக்கொண்டேன். "அண்ணே, அவரு திருடுற ஆளாண்ணே? நீங்க சொல்லுங்க. ஒண்ணாப் படுத்து எந்திரிச்சவங்க நீங்கதான" என்றது அந்தப் பெண். இல்லம்மா, இல்லம்மா என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டேன். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் கடைத்தெருவில் சொன்ன ஆள் நான்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. முதலில் டேவிட் சாட்சி சொன்னான். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். டிரைவரின் வக்கீல் குட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"உங்க சொத்து அறையில சுவர்ல தண்ணி கசியுமாமே?" என்றார்.

"யாருங்கய்யா சொன்னது?"

"உங்க டேவிட்தான் இப்பச் சொல்லிட்டுப் போனாரு. ஈரமான ரூமு, அங்க எதுவுமே காயாதுன்னு. ஈர ரூம்ல பதினோரு நாள் கெடந்த மூட்டைக்கு எடை கூடத்தான செய்யும்? எப்படிக் குறையும்? நீங்க மூட்டைய ஒரு மூலையில வீசிட்டு உங்க சோலியப் பாக்கப் போயிட்டீங்க. அப்படித்தானே?"

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. என் அறையைப் பற்றி, அதற்குள் வருஷத்தில் நாலு தடவைகூட எட்டிப் பார்க்காத டேவிட், எதுவுமே காயாது என்று சொல்லியிருக்கிறான். கோர்ட்டில். நீதிபதி முன்னால்.

"அவனுக்கு என் ரூமப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று கத்திவிட்டேன். "வீசிட்டா போனேன்? ஒம்பது நாளு! கணப்புக்கு மேல பரண்ல ஏத்தி வச்சு, வெள்ளனே ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா, தீய மூட்டித் திருப்பித் திருப்பிப் போட்டுக் காய வச்சேன்யா! ஒரு பொட்டுப் பூஞ்சை இருந்துச்சா அதுல? எங்க ஊருப் பூண்டக்கூட எவனும் அப்படிக் காய வச்சிருக்க மாட்டான்!"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆய்வக அறிக்கையைப் பிரித்துப் பார்த்தார்கள். மாதிரிப் பொட்டலம் ஈரமாகவும் பூஞ்சையோடும் வந்ததாக அதில் தெளிவாக எழுதியிருந்தது. பொட்டலத்தை நான் பரணில் வைக்கவில்லை, இரும்பு பீரோவில் வைத்திருந்தேன். ஆக சரக்கு முதலில் ஈரம், மூட்டை மட்டும் காய்ந்தது, எடை அப்படித்தான் குறைந்தது. டேவிட் மேலிருந்த திருட்டுக் குற்றச்சாட்டு அத்தோடு விழுந்தது. ஆனால் வழக்கும் விழுந்தது. எடைக்கு விளக்கம் கிடைத்தாலும், மூட்டையும் முத்திரையும் ஒரே ஆளிடம் இருந்ததற்கு விளக்கம் இல்லை என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். டிரைவர் விடுதலை. கோர்ட் வாசலில் அவன் எனக்குக் கும்பிடு போட்டான். கடைசியில் ஒருவன் எனக்கும் நன்றி சொன்னான். பூண்டுக்கு அடியில் கஞ்சா கடத்தியவன்.

அன்று ஜீப் மலை ஏறி ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது. அம்மா இறங்கும்போது, "நான் எல்லாத்தையும் சரியாச் செஞ்சேன் ரைட்டர்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்கு ஒரு மெமோ வந்தது, பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போனது. அது போகட்டும். தாங்க முடியாமல் போனது ஊரின் பாராட்டுத்தான். தனக்குக் கெடுதல் என்று தெரிந்தும் நண்பனுக்காகக் கூண்டில் உண்மையைச் சொன்னவர் என்று ஸ்டேஷன் முழுக்கப் பேச்சு. நண்பனுக்காகவாம்!

டேவிட் திரும்ப வேலைக்குச் சேர்ந்த நாள், வாசலில் பாரா நிற்பவர் முதல் ஜீப் டிரைவர் வரை எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தான். மெலிந்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தில் தொளதொள என்று இருந்தது. அந்தக் காலரைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அவனைப் பின்பக்கம் கூட்டிப் போனேன்.

"டேவிட்டு, உன் கோட்டுல முத்திரை இருந்தது எனக்கு அன்னைக்கே தெரியும்டா. தொட்டுப் பாத்தேன். வேணும்னுதான் கேக்காம விட்டேன்" என்றேன்.

அவன் முகம் மாறவில்லை. "தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"நீ சாயங்காலம் ரிஜிஸ்தர் பூராத்தையும் ஒரு பார்வ பாக்காம மூட மாட்டே. உனக்குத் தெரியாம அதுல ஒரு கட்டம் காலியாக் கெடக்குமா? சஸ்பெண்ட் ஆன அன்னைக்கு ராத்திரியே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்டா விசாரணையில சொல்லல? நான் பாத்தும் கேக்கலன்னு எழுதியிருந்தா உன் பாரம் பாதி என் தலையில வந்திருக்குமே."

"கேக்காதது உன் தப்பு, குடுக்காதது என் தப்பு. எங்கிட்ட விளக்கம் கேட்டாங்க. என் தப்ப மட்டும் எழுதுனேன்" என்றான் டேவிட். பிறகு, "ஸ்டெல்லாகிட்ட மட்டும் இதச் சொல்லிராத. அவ உன்னைய மன்னிக்க மாட்டா. நானும் இன்னும் முழுசா மன்னிக்கல மாப்ள. பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தான்.

ஓட்டத்தில், துப்பாக்கியில், இங்கிலீஷில் அவன் என்னை ஜெயித்ததற்கெல்லாம் நான் பட்ட பொறாமை வெறும் தூசு. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பட்ட பொறாமைக்கு இன்றுவரை மருந்து இல்லை. பதினெட்டு வருஷம் அடுத்தவன் விட்ட கட்டங்களைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டியவன் நான். என் தப்பை மட்டும் எழுதினேன் என்று என்னால் ஒரு காகிதத்தைக் காட்டிச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரையையாவது அப்படி எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பரணில் காய வைத்ததை எழுதுவது, அம்மாவிடம் சொன்ன பொய்யை எழுதுவது, அதோடு நிறுத்திக்கொள்வது. எழுதி முடித்து மேலே பார்க்கிறேன். தலைப்பிலேயே அவனுடைய மழைக்கோட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. மாற்றலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். மனசு வரவில்லை.